இருபால் ஈர்ப்பும் தெய்வக் கதைகளும்

'தோர்: லவ் அண்ட் தண்டர்' படம் 2022-இல் மலேசியத் திரையரங்குகளுக்கு வரவில்லை, எல்ஜிபிடி கூறுகளே காரணம் என்று அரசுத் தரப்பு விளக்கியது. அதில் வரும் வால்கிரி இருபால் ஈர்ப்புள்ள வீராங்கனை. 2021-இல் வெளியான 'லோகி' தொடரின் நாயகனும் அவ்வாறே.

ஈப்போ கல்லுமலை முருகனையும் பால்மரத் தோட்டத்து முனீஸ்வரரையும் வணங்கிவரும் பேராக் தமிழருக்கு இருபால் ஈர்ப்பு சமயக் கேள்வியும் ஆகும். மோகினியாக வந்த திருமாலுக்கும் சிவனுக்கும் பிறந்தவர் சாஸ்தா என்கிறது புராணம். ஆனால் அங்கே மாறுவது உருவம். ஈர்ப்பின் திசை அன்று. எனவே அது இருபால் ஈர்ப்புக்கு நேரடிச் சான்றாகாது. பக்தி மரபு இன்னும் நெருங்கி வருகிறது. மாணிக்கவாசகர் திருவெம்பாவையைக் கன்னியர் கூற்றாகவே பாடினார். மார்கழி விடியலில் ஆண்களும் அதை ஓதுகின்றனர்.

சைவ சித்தாந்தப்படி உயிருக்கு ஆண், பெண் என்ற பால் இல்லை. உடல் மாயையின் ஆக்கம். பற்று யார்மேல் சென்றாலும் பற்றே. இந்த வாதத்தில் இருபால் ஈர்ப்பு தனிக் குற்றமும் அன்று, தனிச் சிறப்பும் அன்று. இல்லற ஒழுக்கத்தை வரையறுப்பது சமூக வழக்கு. கருத்து வேறுபாடு எழுவது அங்கேதான்.