சூளை ஆறும்வரை



குயவனின் கலத்தைச் சோதிப்பது சூளை என்று சீராக் ஞான நூலின் 27ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கின்றது. இதன் ஆழத்தை உணர, யப்பான் நாட்டுக் குயவரின் சூளையைச் சற்று நோக்குவோம்.

அந்நாட்டின் ஒகயாமா பகுதியிலுள்ள பிசென் என்னும் ஊர், மட்கலங்களுக்குப் பல நூற்றாண்டுகளாகப் பேர்பெற்றது. அங்கு மரபுப்படி கலத்துக்கு மெருகு பூசுவதில்லை. நெல்வயலின் அடியில் தோண்டிய, இரும்புச்சத்து மிக்க களிமண்ணால் வனைந்து, பைன் விறகிட்டு, பத்து நாட்களுக்கு மேலாகவும் இரவுபகலாய் எரிப்பார்கள். வெப்பம் 1,200 பாகை செல்சியசையும் எட்டும்.

நிறத்தைக் கொடுப்பது நெருப்பே. பறக்கும் சாம்பல் கலத்தின்மேல் படிந்து உருகினால், எள்ளுத் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும். தணலில் புதையுண்ட கலம் சாம்பல் நீலமாகும். கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கச் சுற்றிய வைக்கோல் எரிந்தபின் செந்நிறக் கோடுகளாய் நிலைக்கும். சூளை ஒன்றே, ஆயினும் இருக்கும் இடத்துக்கேற்பக் கலத்தின் கோலம் வேறு. ஒரே வீட்டில் ஒரே இழப்பைத் தாங்கும் தாயும் தந்தையும் பிள்ளைகளும் ஒரேவிதமாய் அழுவதில்லை அல்லவா?

இன்னுமொன்றைக் கவனியுங்கள். தீ ஓய்ந்ததும் அவர்கள் சூளையைத் திறப்பதில்லை. அடைத்துவைத்து, பல நாட்கள் தானாக ஆறவிடுகிறார்கள். அவசரப்பட்டுத் திறந்தால், குளிர்காற்றுப் பட்டு, நெருப்பைத் தாங்கிய கலமே வெடித்துவிடும்.

நாமோ என்ன செய்கிறோம்? 31ஆம் நாள் திருப்பலி முடிந்ததும், "இன்னும் ஏன் அழுகிறாய்? எல்லாம் தேவசித்தம்" என்கிறோம். ஆறுதல் என எண்ணிச் சொல்லும் அவ்வார்த்தை, ஆறாத சூளையைத் திறப்பதாகும். இலாசரின் கல்லறைக்கு வந்த நம் ஆண்டவர், அவரை உயிர்ப்பிக்கப் போவதை அறிந்திருந்தும், முதலில் கண்ணீர் விட்டார். மரியாவிடம், "அழாதே" என்று அவர் சொல்லவில்லை.

அன்பானவர்களே, ஆறுவதற்கு நாட்கணக்கு இல்லை. சிலருக்கு மாதங்கள்; சிலருக்கு ஆண்டுகள். உங்கள் அயலில் துயருறும் வீடு ஒன்று இருக்கும். இவ்வாரம் அங்கே செல்லுங்கள். போதனை வேண்டாம். அருகிலிருந்து ஒரு செபமாலை சொல்லுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லி அவர்கள் பேசினால், பொறுமையோடு கேளுங்கள். நம்மை வனைந்தவர் பொறுத்திருக்கிறார், நாமும் பொறுத்திருப்போம். ஆமென்.