வாசலில் ஓடும் ஆறு



தாமிரபரணிக் கரையில் கோரைப்பாய் நெய்யும் குடும்பத்தில் பிறந்த இளைஞர் ஒருவர், தாம் எழுதிய கவிதைகளை ஒரு நோட்டில் அழகாகப் பிரதி செய்து என்னிடம் கொண்டு வந்தார். நபி (ஸல்) அவர்கள் மீது அவருக்குள்ள முஹப்பத்தில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தமும் எங்கும் தவறவில்லை. ஆனால் முப்பது பக்கங்களிலும் ஒட்டகமும் ஈச்ச மரமும் பாலைவனத்து நிலவுமே மாறி மாறி வந்தன.

"தம்பி, ஒட்டகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டேன்.

"ஒரு ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பானிக்காகக் கொண்டு வந்தார்கள் ஹஜ்ரத். கூட்டத்தில் தலை மட்டும் தெரிந்தது" என்றார்.

"அப்படியானால் உன் வீட்டில் உள்ளதைப் பாடலாமே?"

"எங்கள் வீட்டில் பாடுவதற்கு என்ன இருக்கிறது ஹஜ்ரத்? கோரையும் சாயச் சட்டியும்தான் கிடக்கின்றன."

நான் சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு யோசித்துப் பார்த்தால், சிரிக்கும் தகுதி எனக்கும் இல்லை. ஜும்ஆ பயானுக்காக நானும் கிதாபுகளில் பக்தாதையும் புகாராவையும் தேடித் தேடி எடுத்துச் சொல்லி வந்தவன்தான். எதிரே அமர்ந்திருந்த பெரியவர்கள் கண்ணயர்வதை அவர்களுடைய முதுமையின் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

கவிதைக்கும் கைவேலைக்கும், ஏன் ஒரு நல்ல பயானுக்கும்கூட, கரு எங்கிருந்து வர வேண்டும்? காணாத தூரத்திலிருந்தா, கண்டு பழகிய முற்றத்திலிருந்தா? இது ரசனையைப் பற்றிய கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. ரப்பு நமக்கென்று தந்ததை நாம் பார்த்தோமா, பார்க்காமலே கடந்தோமா என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது.

திருமறை காட்டும் வழி

திருக்குர்ஆனின் அத்தியாயங்களுக்கு அமைந்த பெயர்களைப் பாருங்கள். பசுமாடு, தேனீ, எறும்பு, சிலந்தி! வீட்டுக் கூரையிலும் தோட்டத்திலும் தினமும் காணும் படைப்புகள். இவ்வளவு சிறியவற்றையா இறைவன் உதாரணம் காட்டுவான் என்று ஏளனம் செய்தவர்களும் அன்றைக்கு இருந்தார்கள். கொசுவையேனும் உதாரணமாகக் கூற அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்ற கருத்தில் அவர்களுக்குப் பதில் வந்தது (2:26).

ஒட்டகம் எப்படிப் படைக்கப்பட்டது, வானம் எப்படி உயர்த்தப்பட்டது, மலைகள் எப்படி நாட்டப்பட்டன, பூமி எப்படி விரிக்கப்பட்டது என்பவற்றைப் பார்க்க வேண்டாமா என்று மற்றோர் இடத்தில் கேட்கப்படுகிறது (88:17-20). பிரயாணத்தில் இருக்கும் ஓர் அரபிக்கு அவன் ஏறியிருக்கும் மிருகம், தலைக்கு மேல் வானம், சுற்றிலும் மலை, காலடியில் மண் ஆகிய இந்த நான்கும்தான் அன்றாடம். அவனைத் தூரத்துக்கு அழைத்துச் செல்லவில்லை. இருந்த இடத்திலேயே கண்ணைத் திறக்கச் சொன்னது திருமறை.

நம் இளைஞரோ ஒட்டகத்தை எடுத்துக்கொண்டு பாடத்தை விட்டுவிட்டார். ஒட்டகம் அங்கே சொல்லப்பட்டது, அது அவர்களுக்குக் கைக்கெட்டும் பொருளாக இருந்ததால். நமக்குக் கைக்கெட்டும் பொருள் எதுவோ, அதுவே நம்முடைய ஒட்டகம்.

பெருமானார் (ஸல்) அவர்கள் போதித்த முறையும் இதுவே. ஒருவர் வாசலில் ஆறு ஓடி, அதில் அவர் தினம் ஐந்து முறை குளித்தால் உடம்பில் அழுக்குத் தங்குமா என்று கேட்டு, ஐவேளைத் தொழுகையை விளங்க வைத்தார்கள். நல்ல தோழனுக்குக் கஸ்தூரி விற்பவரையும், கெட்ட தோழனுக்குக் கொல்லனின் துருத்தி ஊதுபவரையும் காட்டினார்கள். குர்ஆன் ஓதும் முஃமினை வாசமும் ருசியும் உள்ள நார்த்தை இனத்துப் பழத்துக்கும், ஓதாத முஃமினை வாசமில்லாத, ஆனால் இனிப்பான பேரீச்சம் பழத்துக்கும் ஒப்பிட்டார்கள். கேட்டவர்கள் வீடு திரும்பும் வழியில் அந்தக் கடையும் பட்டறையும் பழமும் கண்ணில் படும். பட்டவுடன் பாடமும் நினைவில் எழும்.

பழக்கம் என்னும் திரை

இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஏன் நமக்குத் தெரிவதில்லை? ஹிஜ்ரி 505-ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், தம் 'இஹ்யா'வில் சிந்தனையைப் பற்றிய பகுதியில் இதைத் தொடுகிறார்கள். சுவரில் அழகிய சித்திர வேலையையோ கையெழுத்தையோ கண்டால், அதைச் செய்தவனின் திறமையை எண்ணி வியக்கும் மனிதன், தன்னிடத்திலேயே உள்ள அற்புதங்களைக் கண்டும் அவற்றைப் படைத்தவனை மறந்திருப்பதை எண்ணி அவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள்.

கண்ணுக்கு முன்னால் பொருள் அப்படியேதான் இருக்கிறது. பழக்கம் வந்து திரை போடுகிறது. அந்தத் திரையைச் சற்று விலக்குவதுதான் கலைஞனுடைய வேலை. புதுப் பொருளை உண்டாக்குவது நம்மால் ஆகாது. அது படைத்தவனுக்கே உரியது. உள்ளதைக் கண்டு சொல்வது மட்டும் நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளியில் கல்தூண்களைப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள். உயிருள்ளவற்றின் உருவம் செதுக்கக் கூடாது என்ற வரம்புக்குள் நின்று, இந்த மண்ணின் சிற்பிகள் தங்கள் கைக்குப் பழகிய பூவையும் கொடியையும் கொண்டே அந்தத் தூண்களை அலங்கரித்தார்கள். வரம்பு கலையைக் குறைத்துவிடவில்லை.

இது பொய்யாகாதா?

இங்கே ஒரு சங்கடமான கேள்வி எழுகிறது. 17-ஆம் நூற்றாண்டில் உமறுப் புலவர் 5,000-க்கும் மேற்பட்ட விருத்தங்களால் பாடிய சீறாப்புராணத்தில், நாட்டுப் படலத்தின் அரபு நாட்டில் மழை கொட்டுகிறது, ஆறு பெருகுகிறது, உழுகிறார்கள், நாற்று நடுகிறார்கள், நெல் அறுக்கிறார்கள். மக்காவோ பயிர் விளையாத பள்ளத்தாக்கு என்பது இபுறாஹீம் (அலை) அவர்களின் துஆவிலேயே இருக்கிறது (14:37). மத்ரஸாவில் ஓதிய காலத்தில் நானும் என் தோழர்களும் இதைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறோம்.

இன்றைக்கு என் எண்ணம் வேறு. பூகோளம் என்று எடுத்துக்கொண்டால் அது பிழை. அதில் மழுப்புவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் புலவர் பூகோளம் எழுதவில்லை. காப்பியம் தொடங்க நாட்டு வளம் பாடுவது தமிழின் மரபு. தாம் உயிரினும் மேலாக மதித்த நபி (ஸல்) அவர்கள் பிறந்த மண்ணை வாழ்த்த நினைத்தபோது, செழிப்பு என்பதற்குத் தாம் அறிந்த அடையாளத்தையே அவர் கையில் எடுத்தார். அந்த அடையாளம் தமிழ்நாட்டு வயல். கேட்ட நம் முன்னோருக்கும் அது புரிந்தது.

ஒன்றை மட்டும் பிரித்தறிய வேண்டும். நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள், செய்தார்கள் என்று கூறும் இடத்தில் நம் கற்பனைக்கு அனுமதியே இல்லை. வாழ்த்துவதற்கு உவமை தேடும் இடத்தில் நம் வயலும் வாய்க்காலும் தாராளமாக வரலாம்.

அருகில் இருப்பவர்களின் அமானிதம்

பக்கத்தில் உள்ளதைப் பாடு என்று சொல்லும்போது மற்றோர் எச்சரிக்கையும் அவசியம். பக்கத்தில் இருப்பவை கோரையும் ஆறும் மட்டுமல்ல. மனைவியும் சகோதரியும் அண்டை வீட்டாரும் இருக்கிறார்கள். அவர்களுடைய வறுமையும் சண்டையும் கண்ணீரும் நமக்குத் தெரிந்திருப்பது, நாம் அருகில் வாழ்வதால். அதை அப்படியே சபையில் எடுத்து வைத்துப் புகழ் வாங்கினால், கவிதையாக இருந்தாலும் அது புறம்தான். பெயரை மாற்றிவிட்டேன் என்று சிலர் சொல்வார்கள். ஊருக்கே ஆளைத் தெரிகிறதென்றால் பெயர் மாறி என்ன பயன்? பொருட்களைத் தாராளமாகப் பாடலாம். மனிதர்களைத் தொடும்போது அமானிதம் என்ற சொல் நினைவில் இருக்கட்டும்.

சில மாதங்கள் கழித்து அந்த இளைஞர் மீண்டும் வந்தார். நோட்டு இல்லை, ஒரே ஒரு தாள். கோரையைப் பற்றி நாலு வரி எழுதி உம்மாவிடம் வாசித்துக் காட்டினாராம். குளத்தில் ஊறும் கோரை என்று அவர் எழுதியிருக்க, "குளத்திலா வாப்பா? ஓடுகிற தண்ணீரில் அல்லவா ஊறப்போடுகிறோம்?" என்று உம்மா கேட்டிருக்கிறார். கோரையைக் கீறுவதும், வெயிலில் காயவைப்பதும், ஆற்றில் ஊறவிட்டு மறுபடி உலர்த்திச் சாயம் ஏற்றுவதும், இழையாக மெலிந்த கோரையைப் பாவு நூலுக்கு இடையே ஒவ்வொன்றாகச் செலுத்தி, துணிபோல் மடிக்கக் கூடிய பட்டுப்பாயாக ஆக்குவதும் அன்றைக்குத்தான் அவருக்கு முழுதாகத் தெரிய வந்ததாம்.

"இருபது வருடமாக அந்தப் பாயில்தான் தொழுகிறேன் ஹஜ்ரத்" என்றார், மேலே பேசவில்லை.

அந்தத் தாளில் இருந்த கவிதை நன்றாக வந்திருந்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டு இடங்களில் சீர் தட்டியது. ஆனால் அதில் இருந்த ஆறு அவர் கால் நனைந்த ஆறு.

அடுத்த ஜும்ஆவில், வாசலில் ஓடும் ஆற்றைப் பற்றிய ஹதீஸையே எடுத்துக்கொண்டேன். எந்தக் கிதாபின் கதையையும் சேர்க்காமல், பள்ளிக்குப் பின்னால் ஓடும் எங்கள் வாய்க்காலைக் காட்டியே பேசினேன். அன்று யாரும் கண்ணயரவில்லை.

கண்ணெதிரே உள்ளதைக் காணும் பார்வையையும், கண்டதற்கு நன்றி செலுத்தும் நாவையும் எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.