நோவும் அதனை நுகர்வானும்



புண்பட்டவிடத்து நோதல் உடம்பிற்குக் காவலாம். புண் ஆறிய பின்னரும் நீங்காது நின்று வருத்தும் நோவு அத்தகையதன்று. மூன்று திங்களுக்கு மேற்பட்டு நிற்பதனை இக்கால மருத்துவர் நாட்பட்ட நோவு என்பர். அதனை உடையார் உறுந் துன்பம் இருவகைத்து. நோவு ஒன்று, காயம் காணப்படாமையின் ‘இது பொய்’ எனப் பிறர் கூறுஞ் சொல் மற்றொன்று. அச்சொல் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

வளி, அழல், ஐயம் என்னும் மூன்றும் தம் அளவில் திரியின் நோயாம் என்பதூஉம், நோவிற்குத் தலைமையான காரணம் வளியே என்பதூஉம் நம் நாட்டு மருத்துவ நூலார் துணிபு. எண்ணெய் பூசுதலும் ஒற்றடமிடுதலும் வளியைத் தணித்தற் பொருட்டே விதிக்கப்பட்டன. இன்ப துன்ப நுகர்ச்சிக்கு நிலைக்களன் மனமும், பொறிகளோடு கூடிய உடம்புமாம் எனச் சரகநூல் கூறும். உடம்பொன்றே என்னாது மனத்தையும் உடன்வைத்த நுட்பம் போற்றற்பாலது.

இனி, மேனாட்டார் கண்டதனைக் காண்பாம். கயிற்றினை ஈர்க்க மணி ஒலித்தல் போலப் புண்ணுற்றவழி மூளையில் நோவு தோன்றும் என்பது 1664-ல் வெளிவந்த டெக்கார்ட்டு என்பாரது நூற்கருத்து. அதுவே முடிந்த உண்மையாயின், வெட்டுண்டு போன கையில் நோவு தோன்றுதல் கூடாது, தோன்றுகின்றது. நோவுச் செய்தியைத் தடுத்தற்கும் விடுத்தற்கும் தண்டுவடத்திலே வாயில் போல்வதோர் அமைப்பு உண்டென்றும், மூளையினின்று இறங்கிவரும் ஏவல் அதனை ஆளும் என்றும் 1965-ல் மெல்சாக், வால் என்னும் இருவர் மொழிந்தனர். மிக்க தூண்டுதலால் தண்டுவடத்து நரம்பணுக்கள் கூர்மையுற்று, பின்னர்ச் சிறு தொடுகையையும் பெருநோவாக்கும் என 1983-ல் உல்ஃப் என்பார் காட்டினர். கள்வன் ஒருகாற் புகுந்த மனையின் காவலன், பின்பு எலி ஓடும் ஓசைக்கும் கூவுதல் போல்வது இது. காவலன் கூவுதல் மெய்யே. கள்வன் இல்லை என்பதனாற் கூவுதல் பொய்யாகாது. நோவு பற்றி ஆராயும் அனைத்துலகக் கழகத்தாரும், நோவுடையான் தன் நோவைக் குறித்துக் கூறுவது மதிக்கத்தக்கது என 2020-ல் வரையறுத்தனர்.

அற்றேல், நோவினை அறிவது மூளையே. உயிரென வேறொன்று வேண்டா எனின், அன்று. மூளையும் நரம்பும் நுகர்ச்சிக்குக் கருவிகள். கருவி நுகர்வானாதல் இல்லை. ‘எனது உடல்’ என்னும் வழக்கினையே உடலின் வேறாய் உயிர் உண்டென்பதற்கு ஏதுக்களுள் ஒன்றாக வைத்தார் மெய்கண்டதேவர். கை இழந்தான் ‘என் கை நோகின்றது’ என்கின்றான். கை போயிற்று, ‘என்’ என்பான் போயிற்றிலன். கருவியின் தொழிலை மூளைநூல் விளக்குக. நுகர்வான் யாவன் என்பதனைச் சித்தாந்தம் விளக்கும். இரண்டும் தத்தம் எல்லையில் நின்று உதவுவனவாம்.

இனி, நோவு வினைப்பயனாதலின் மருந்தும் இரக்கமும் வேண்டா என்பாரும் உளர். பசியும் உடலொடு வந்ததே. அதுபற்றி எவரும் உணவை விலக்குவதில்லை. திருநாவுக்கரசர் புறச்சமயஞ் சார்ந்திருந்து சூலை நோயால் நலிந்து மீண்டபோது, திலகவதியார் அவரைத் தள்ளினாரல்லர். திருநீறு அளித்துத் திருவதிகைப் பெருமான் திருமுன் கொண்டுசென்றார் என்பது பெரியபுராண வரலாறு. சூலையை இறைவன் அருளெனக் கொண்ட அவ்வம்மையாரிடத்து, நொந்தாரை இகழும் மொழி ஒன்றேனும் இல்லாமை காண்க.

ஆதலின், நாட்பட்ட நோவுடையார் நம் மடங்களையும் மனைகளையும் அடைந்துழி, அவர் சொல்லை முதற்கண் நம்புவோமாக. மருத்துவரை நாடுதலைத் தடுக்காதிருப்போமாக. அளவான நடையும், நல்லுறக்கமும், மனத்தை அமைதிப்படுத்தும் வழிபாடும் அவர்க்குத் துணையாகுமாறு உடனிருப்போமாக. பிறர் உயிர் நோவதனை ஐயுற்று நிற்பார்க்கு உயிருண்டென்று வாதித்து வென்றதனாற் பயன் யாது?

திருச்சிற்றம்பலம்.