மயிலாடியும் பக்தியின் தூய்மையும்

கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரம் வட்டத்தில், சுசீந்திரத்துக்கு அண்மையில் அமைந்துள்ள மயிலாடி, கோவில்களுக்குத் தெய்வத் திருமேனிகளைச் செதுக்கித் தரும் கல்தச்சர்களின் ஊராகப் பெயர்பெற்றது. தென் திருவிதாங்கூரின் முதல் புராட்டஸ்டண்ட் ஆலயம் 1809இல் கட்டப்பட்டதும் இவ்வூரில்தான். அந்த ஆலயம் எழுந்த வரலாறு, சமயச் சிந்தனையில் நெடுங்காலமாகத் தொடரும் ஒரு கேள்வியை முன்வைக்கிறது: உலகத் துன்பத்திலிருந்து விடுபட விரும்பி இறைவனை நாடுபவரின் நம்பிக்கை, பயன் கருதாதவரின் நம்பிக்கையைவிடத் தாழ்ந்ததா?

மயிலாடியில் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த மகாராசன் சிதம்பரத்துக்கு யாத்திரை சென்று, திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கிறிஸ்தவப் போதனையைக் கேட்டு, வேதமாணிக்கம் என்னும் பெயருடன் திருமுழுக்குப் பெற்றார் என்று திருச்சபை வரலாறு கூறுகிறது. சேக்கிழார் பாடிய, ஒடுக்கப்பட்ட சமூகத்து அடியாரான திருநாளைப்போவாரும் தில்லை எனப்படும் அதே சிதம்பரத்துக்குப் போக ஏங்கியவரே என்பதை நினைத்தால், மகாராசனின் பயணம் தமிழ்ப் பக்தி மரபுக்கு வெளியே தொடங்கியது அன்று எனலாம். அவருடைய அழைப்பை ஏற்று, ஜெர்மானியரும் லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியருமான வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். சைலீசியாவில் பிறந்து ஹாலே நகரில் கல்வி கற்ற இவர், 1816இல் இப்பகுதியை விட்டு நீங்கும்வரை இங்கே பணியாற்றினார். 

தம்மை நாடி வந்தோரில் பலர், ஊழியம் எனப்பட்ட கூலியில்லாக் கட்டாய உழைப்பிலிருந்தும் வரிச்சுமையிலிருந்தும் பாதுகாப்புத் தேடுகிறார்கள் என்பதைக் கண்ட ரிங்கல்தௌபே, திருமுழுக்கு அளிப்பதில் மிகுந்த எச்சரிக்கையுடன் நடந்துகொண்டார். உள்ளம் மாறாமல் பெயர் மட்டும் மாறுவதை அவர் அஞ்சியதில் நேர்மை உண்டு. ஆயினும், அவருடைய ஐயத்தைப் பிற்காலத்தார் ஒரு தீர்ப்பாகவே மாற்றி, ஒடுக்கப்பட்டோரின் மதமாற்றம் அனைத்தையும் ஆதாயத் தேட்டம் எனத் தள்ளியது நியாயமன்று. பகவத் கீதையின் ஏழாம் அத்தியாயம் இறைவனை வழிபடுவோரை நால்வகையாகப் பிரிக்கும்போது, துயருற்று வரும் ஆர்த்தனையும் பொருள் வேண்டி வரும் அர்த்தார்த்தியையும், அறிய விழைபவனோடும் ஞானியோடும் சேர்த்தே வைக்கிறது. ஞானிக்குத் தனிச்சிறப்பு அளித்தபோதிலும் எல்லோரையும் உயர்ந்தோர் என்றே ஏற்கிறது. நற்செய்தி நூல்களிலும் இயேசுவிடம் வருவோருள் பலர் நோய் தீர வேண்டி வந்தவர்களே. இவ்வாறு இரு மரபுகளின் மூலநூல்களும் துன்பத்தைப் பக்தியின் வாயிலாக ஏற்றிருக்க, ஏழையின் வேண்டுதலை மட்டும் ஐயுறுவது எந்தச் சமயத்தின் அளவுகோல்?

இக்கேள்வியின் கூர்மையைச் சுசீந்திரம் உணர்த்துகிறது. தாணுமாலயன் கோவிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் நடக்கும் உரிமைக்காக 1926இல் அங்கே சத்தியாக்கிரகம் நடந்தது; கோவில்களின் கதவுகள் 1936ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தால்தான் அவர்களுக்குத் திறந்தன. தெருவில் நடக்கவே தடை இருந்த ஒருவருக்கு, சமமாக அமர்ந்து வழிபடும் உரிமையை வழிபாட்டிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. அந்த உரிமையே அவர் முதலில் பெறும் இறையனுபவம். மயிலாடிக்கு அருகிலுள்ள சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் தோற்றுவித்த வழிபாடும் இதற்குச் சான்று: தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்ட மக்கள், தலைப்பாகையுடன் கண்ணாடி முன் நின்று வணங்குவதே அங்கு முறையாயிற்று.