மலை ஏறினால் மனம் ஆறுமா?

நாமக்கல், சேந்தமங்கலம் பக்கத்தில் ஒருவர் முகம் வாடி உட்கார்ந்திருந்தால், "இரண்டு நாள் கொல்லிமலைக்குப் போய் வாருங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்வோர் பலர். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால் குளிர்ந்த காற்றும், மரங்களைச் சுற்றிப் படர்ந்த மிளகுக் கொடிகளும், ஆகாய கங்கை அருவியும் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் இதமளிப்பது உண்மையே. மலைகள் எவ்வாறு நாட்டப்பட்டுள்ளன என்று பார்க்கும்படி திருமறையே நம்மை அழைக்கிறது. ஆகவே மலைக்குப் போவதை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஏறியவரோடு அவருடைய கவலையும் டிக்கட் வாங்காமலே பஸ்ஸில் ஏறி வந்துவிடுகிறதே! ஓர் இடத்திலேயே மன அமைதி இருக்குமானால், அங்கேயே பிறந்து வளர்ந்து, சாமையும் திணையும் மரவள்ளியும் பயிரிட்டு வாழும் மலையாளி மக்களுக்குத் துயரம் என்பதே இருக்கக் கூடாதல்லவா? மிளகு விலை விழுந்தால் அவர்களுடைய உறக்கமும் கெடத்தான் செய்யும்.

மலைக்குப் போகச் சொல்பவராவது அன்போடு சொல்கிறார். நம்மவர்களில் சிலர் சொல்லும் வேறொரு வார்த்தைதான் நெஞ்சைச் சுடுகிறது. "ஈமான் சரியாக இருந்தால் மனம் ஏன் சோர்கிறது? தொழுகையை ஒழுங்காகத் தொழு, எல்லாம் போய்விடும்" என்கிறார்கள். ஏற்கனவே தன்னைத் தானே நொந்துகொண்டிருப்பவன் இதைக் கேட்டால் என்ன ஆவான்? நோயோடு குற்றவாளி என்ற பட்டத்தையும் சுமந்து வீடு திரும்புவான். அடுத்த வாரம் ஸஃப்பில் அவனைக் காணமுடியாது.

மர்யம் (அலை) அவர்களை நினைத்துப் பாருங்கள். பேரீச்ச மரத்தடியில், தன்னந்தனியாக, பிரசவ வேதனையில், இதற்கு முன்பே நாம் இறந்து மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என்று அந்தப் பரிசுத்தவதி ஏங்கியதைத் திருக்குர்ஆன் மறைக்காமல் கூறுகிறது. அவர்களுக்கு வந்த பதில் என்ன? "உன் ஈமான் எங்கே?" என்ற கேள்வியா? இல்லை. கவலைப்படாதே என்ற ஆறுதல் வந்தது. காலடியில் நீரோடை வந்தது. மரத்தை உலுக்கிக் கனிந்த பழங்களை உண்ணும்படியும், நீரைப் பருகும்படியும், கண் குளிர்ந்திருக்கும்படியும் சொல்லப்பட்டது. ஊராரிடம் அன்று பேச வேண்டாம் என்ற அனுமதியும் கிடைத்தது. ஆறுதல், உணவு, நீர், பிறர் கேள்விகளிலிருந்து விடுதலை! பிள்ளை பெற்ற பெண் காரணமின்றி அழுகிறாள் என்று கடிந்துகொள்ளும் மாமியார்களும் கணவன்மார்களும் இந்த வசனங்களை ஒருமுறை நிதானமாக ஓதிப் பார்க்க வேண்டும்.

மூஸா (அலை) அவர்கள் தம் நெஞ்சு இறுகுகிறது, நாவு எழவில்லை என்று இறைவனிடம் முறையிட்டுத் தம் சகோதரரைத் துணையாகக் கேட்டார்கள். நபிமார்களே துணை கேட்டிருக்க, நாம் மட்டும் வாய் திறவாமல் உள்ளுக்குள்ளேயே வெந்து கொண்டிருப்பது பொறுமையாகுமா? ஸப்ரு என்பது வேறு, ஊமையாவது வேறு.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுக்கு நேர்ந்ததை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஹிஜ்ரி 488, ரஜப் மாதம் (கி.பி. 1095). பக்தாத் நிஜாமிய்யா மதரஸாவின் தலைமைப் பேராசான். வயது நாற்பது கூட ஆகவில்லை. பாடம் நடத்த உட்கார்ந்தால் நாவு அசையவில்லை. உணவு உள்ளே இறங்கவில்லை. பார்த்த வைத்தியர்கள், நோய் உள்ளத்தில் தோன்றி உடலுக்குப் பரவியிருக்கிறது, உள்ளத்தின் பாரம் குறையாமல் மருந்து பலிக்காது என்று கைவிட்டார்கள். அவர்களுடைய கலக்கம் ஆன்மிகத் தேட்டத்தில் பிறந்தது. கடன் தொல்லையால் உறக்கம் இழந்தவனுடையதோடு அதை ஒன்றாக்க முடியாதுதான். எனினும் 'ஹுஜ்ஜத்துல் இஸ்லாம்' என்று உலகம் போற்றும் ஒருவர் தமக்கு வந்ததை வெட்கப்படாமல் எழுதினார்களே, அது போதாதா?

அவர்களுக்கும் முன்பே, ஹிஜ்ரி 322இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடல், உள்ளம் இரண்டின் நலத்துக்கும் சேர்த்து ஒரே நூல் எழுதினார். காரணம் தெரிந்த துக்கம் ஒருவகை, காரணமே தெரியாத துக்கம் மற்றொரு வகை என்று பிரித்துக் காட்டினார். முதலாவதற்கு நல்ல பேச்சும் சிந்தனையும் மருந்து. இரண்டாவதற்கு உடலுக்குரிய சிகிச்சையும் தேவை என்றார். வீட்டில் அவசரத்துக்கு மருந்து வைத்திருப்பதைப்போல, மனம் நன்றாக இருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைக்கவும் சொன்னார். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய பேச்சு இது!

அன்றாடம் செய்யக்கூடியவற்றை மார்க்கம் நம் கையிலேயே தந்திருக்கிறது. இஷாவுக்குப் பின் வீண் பேச்சை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. இன்று அந்த வீண் பேச்சு செல்போன் உருவில் தலையணைக்குள் புகுந்து நள்ளிரவு வரை விழித்திருக்கிறது. ஒரு வீட்டில் மவுத்து நிகழ்ந்து, கூடிய பெண்கள் கலைந்தபின், ஆயிஷா (ரலி) அவர்கள் தல்பீனா என்னும் கஞ்சியைக் காய்ச்சச் சொல்வார்கள். அது நோயாளியின் நெஞ்சுக்கு இதமளித்துத் துக்கத்தைச் சற்றுக் குறைக்கும் என்று நாயகத்திடம் கேட்டதாகவும் கூறுவார்கள். புலம்பல் ஓய்ந்தபின் ஒரு கிண்ணம் சூடான கஞ்சி! நமக்கு வாற்கோதுமை கிடைக்காவிட்டால் கொல்லிமலைச் சாமை இருக்கிறது. அன்போடு கொண்டுபோய்க் கொடுக்கும் கைதான் வேண்டும்.

இவற்றால் தீராத நோயும் உண்டு. அதற்கு டாக்டரிடம் போவது தவக்குலுக்கு விரோதமா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பற்றியது. உள்ளே இருந்த மனநோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. தர்காவைப் பற்றிய வாதத்துக்குள் நாம் இங்கே நுழையவில்லை. நேர்ச்சை வைத்து அழைத்து வந்த தாய் தகப்பன்மாரின் கண்ணீரையும் நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தச் சங்கிலியைப் பூட்டச் சொன்னது எந்த மார்க்கம்? புத்தி பேதலித்தவன் மீதிருந்து அல்லாஹ்வே எழுதுகோலை உயர்த்திவிட்டான். நாம் அவன் காலில் இரும்பைப் பூட்டினோம். 2017இல் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று தடுத்திருக்கிறது. குஜராத்தில் மீரா தாத்தார் தர்காவிலும், பிறகு ஏர்வாடியிலும், துஆவுக்கு வருவோருக்கு அங்கேயே டாக்டரும் மருந்தும் கிடைக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நல்ல வழி. "ஹஜ்ரத், ஓதி ஊதுங்கள்" என்று வருவோருக்கு நாம் ஓதி ஊதுவோம்; கூடவே நாமக்கல்லோ சேலமோ அரசு ஆஸ்பத்திரிக்குப் போகவும் சொல்லுவோம். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கட்டணமின்றி மனநல ஆலோசனை கிடைக்கிறது என்பதையும் பள்ளிவாசல் பலகையில் எழுதிப் போடலாம்.

ரமளானில் அடிக்கடி கேட்கப்படுவது ஒன்று உண்டு. மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர் நோன்புக்காக அதை நிறுத்தலாமா? தாமாக நிறுத்தக் கூடாது. லித்தியம் போன்ற மருந்து உண்பவருக்கு உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் மருந்து ஆபத்தான அளவுக்கு ஏறிவிடக் கூடும். முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். ஸஹர், இஃப்தார் நேரங்களுக்கு மாற்ற இயலும் என்று அவர் சொன்னால் நோன்பு பிடிக்கலாம். இயலாது என்றால், நோயாளிக்குத் திருக்குர்ஆன் தந்த சலுகை இவருக்கும் உரியதே. அந்த வசனத்தில் உடல் நோய், மன நோய் என்ற பிரிவினை இல்லை. சுகமானபின் களாச் செய்யலாம். சுகமாகும் நம்பிக்கை இல்லையென்றால் ஃபித்யா கொடுக்கலாம்.