அந்திக்கு வீடு திரும்பியவன்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைச் சாலையில் மேற்கே சென்றால், ஒரு மணி நேரத்துக்குள் செஞ்சிக் குன்றுகள் கண்ணில் படும். மூன்று குன்றுகளை வளைத்துக் கட்டிய மதிலையும், இராசகிரியின் உச்சியையும், கல்யாண மகாலையும் கண்டு திரும்பும் இளைஞர் எவரும் தேசிங்கு ராஜன் பெயரைக் கேளாமல் திரும்பியிரார். கதைப் பாடலாக, நாடகமாக, 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்த திரைப்படமாக அந்தப் பெயர் இவ்வட்டாரத்து மக்களின் நாவில் நிலைத்துவிட்டது. வீரன் என்றால் யார் என்று விழுப்புரம் மாவட்டத்துச் சிறுவனைக் கேளுங்கள். தேசிங்கைச் சொல்வான்.

யார் அந்தத் தேசிங்கு? புந்தேல இராசபுத்திரக் குடியினன். தேஜ்சிங் என்பது இயற்பெயர். தந்தை சொரூப்சிங் மறைந்தபின் செஞ்சிக் கோட்டையைத் தன் கையில் எடுத்துக்கொண்டான். வரிப் பாக்கி கேட்டான் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகான். கொடுக்க மறுத்தான் தேசிங்கு. 1714-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், சில நூறு குதிரை வீரர்களோடு பெரும்படைமீது பாய்ந்து மாண்டான். வயது 22 என்பர். அவனுக்காக மணக்கோலத்தோடு வந்து களத்தில் விழுந்த முஸ்லிம் தோழன் ஒருவனையும் கதைப்பாடல் போற்றுகிறது. மதத்தைக் கடந்த அந்த நட்பு நம் நெஞ்சையும் தொடுகிறது, மறுப்பதற்கில்லை. பின்னர்? அவன் இளம் மனைவி அவன் உடலோடு தீயில் வெந்தாள். அவள் நினைவாகவே இராணிப்பேட்டை என்ற ஊருக்கு அப்பெயர் வந்தது என்று சொல்வார்கள்.

இதனை வீரம் என்று நாம் பாடுகிறோம். பாடும்போது ஒரு கேள்வியையும் கேட்பதில்லை. நவாப் கேட்ட பாக்கி யாருடைய பணம்? செஞ்சிச் சீமையில் ஏர் பிடித்தவன் விளைவித்த நெல்லன்றோ? தேசிங்கு வென்றிருந்தால் அந்த நெல் கோட்டைக் களஞ்சியத்துக்கு. நவாப் வென்றதால் ஆர்க்காட்டுக்கு. உழவனின் குதிர் இரண்டு வகையிலும் காலிதான். ஆனால் கதைப்பாடலில் அந்த உழவனுக்கு இடமில்லை. தீயில் வெந்த பெண்ணுக்கு இடமுண்டு, எரிவதற்கு மட்டும்.

இக்கேள்விகளை அண்மையில் நமக்குள் கிளறிவிட்டது செஞ்சிக் கோட்டையன்று, ஒரு ஜப்பானியத் திரைப்படம். யோஜி யமாடா இயக்கி 2002-இல் வெளியானது. ஷூஹெய் புஜிசாவா என்ற எழுத்தாளரின் கதைகளிலிருந்து உருவானது. அந்நாட்டு அகாதமி விருதுகள் பன்னிரண்டைப் பெற்று, ஆஸ்கர் பரிந்துரை வரை சென்ற படம். சாமுராய் படம் என்றதும் வாள் மின்னும், தலை உருளும் என்று எதிர்பார்த்து அமர்ந்தோம். கண்டதோ, இருமுனைத் தராசில் அரிசியை நிறுத்துக் கடன் கணக்குப் பார்க்கும் ஒரு குடும்பத்தானை!

செய்பே என்பது அவன் பெயர். வடக்கு ஜப்பானில் ஒரு சிற்றரசில் களஞ்சியக் கணக்கு எழுதும் கடைநிலைச் சாமுராய். ஆண்டுக்கு 50 கோக்கு அரிசி ஊதியம் என்று ஏட்டில் இருக்கும். கடன் போகக் கைக்கு வருவது குறைவு. மனைவி நோயில் மாண்டாள். இரண்டு பெண் குழந்தைகள். மகனையே அடையாளம் காணாத அளவுக்கு நினைவு தப்பிய தாய். வேலை முடிந்ததும் உடன் பணிபுரிவோர் குடிக்க அழைப்பார்கள். அவன் செல்வதில்லை, பொழுது சாயும்போதே வீட்டுக்கு நடப்பான். அதனால் 'அந்தி' என்றே அவனுக்குப் பட்டப்பெயர் வைத்து நகைக்கிறார்கள். வீட்டிலோ விளக்கடியில் அமர்ந்து பூச்சிக் கூண்டு முடைகிறான், நான்கு காசுக்கு. கிழிந்த ஆடை, குளிக்கவும் நேரமில்லை. சிற்றரசன் ஒருநாள் களஞ்சியத்தைப் பார்வையிட வந்தபோது அவன் மேனியின் நாற்றம் தாளாமல் கடிந்துகொள்கிறான். குலமானம் போயிற்றென்று பெரியப்பன் வீடு தேடி வந்து திட்டுகிறான்.

தோழர்களே, நம்மூரில் இவனை எத்தனை முறை கண்டிருக்கிறோம்! ஐந்து திசைகளில் இருப்புப்பாதை பிரியும் விழுப்புரம் சந்திப்பில் மாலை நேரத்தில் நின்று பாருங்கள். கையில் ஒரு பை, பையில் காய்கறியும் மருந்துச் சீட்டும். அவனைப் பற்றி எவரும் கூத்துக் கட்டுவதில்லை. கோடையில் மேலச்சேரித் திரௌபதி அம்மன் கோயில் முதலாகச் சுற்றுப்புறமெங்கும் விடிய விடியக் கூத்து நடக்கும்போது, அவன் ஒரு துண்டை விரித்து அமர்ந்து, கர்ணனும் அபிமன்யுவும் சாவதைக் கண்டு கண்ணீர் விடுவான். விடிந்ததும் எழுந்து தன் வேலைக்குப் போவான். தான் செய்வதற்கும் வீரத்துக்கும் தொடர்புண்டு என்று அவனுக்கு எவரும் சொன்னதில்லை.

படத்தில் ஒரு காட்சி. செய்பேயின் மூத்த மகள் பள்ளியில் கன்பூசியசின் நூலை மனனம் செய்கிறாள். தையல் கற்றால் உடை தைக்கலாம், படிப்பு எதற்கு என்று தந்தையைக் கேட்கிறாள். படித்தால் சிந்திக்கும் ஆற்றல் வரும். அது இருந்தால் உலகம் எப்படி மாறினாலும் பிழைத்துக்கொள்ளலாம், ஆணுக்கும் பெண்ணுக்கும் அதுவே என்கிறான் அவன். நிலப்பிரபுத்துவம் தன் கடைசி மூச்சை விட்டுக்கொண்டிருந்த நாளில், பட்டினிக்கு அஞ்சி வாழும் ஒரு கணக்கன், பெண் மகளிடம் சொன்ன சொல் இது. பெரும் முழக்கம் ஏதுமில்லை. கூண்டு முடையும் கை ஓயவுமில்லை.

அவனை நாம் புகழ்ந்துகொண்டே போகலாம். கதை அப்படி விடவில்லை. சிற்றரசன் இறக்கிறான், வாரிசுச் சண்டை எழுகிறது. தோற்ற கட்சியைச் சேர்ந்த செனெமோன் என்பவனை வயிற்றைக் கிழித்துச் சாகும்படி ஆணையிடுகிறார்கள். அவன் மாட்டேன் என்கிறான். வீட்டைத் தாழிட்டுக்கொண்டு, கொல்ல வந்தவனை வீழ்த்துகிறான். செய்பேக்குக் குறுவாள் வித்தை தெரியும் என்று மேலோர் அறிந்து, போய் அவனைக் கொன்று வா என்கிறார்கள். செய்பே மறுக்கிறான். மறுத்தால் பிழைப்புப் போகும் என்று மிரட்டல் வருகிறது. இரண்டு பெண்களும் ஒரு கிழவியும் கண்முன் நிற்கிறார்கள். போகிறான்.

இருட்டு வீட்டில் இருவரும் எதிரெதிரே அமர்ந்து பேசுகிறார்கள். செனெமோனும் வறுமையில் அலைந்தவன், மனைவியையும் மகளையும் பறிகொடுத்தவன். என்னைத் தப்பிப் போக விட்டுவிடு என்கிறான். செய்பேயின் மனமும் இளகுகிறது. ஆனால், மனைவியின் ஈமச் செலவுக்கு நீள்வாளை விற்றுவிட்டதாகச் செய்பே சொன்னதும், குறுவாளோடு தன்னைக் கொல்ல வந்தானா என்று செனெமோன் வெகுண்டு பாய்கிறான். அத்தனை துயரத்துக்குப் பிறகும் வாளின் மானம் அவனை விடவில்லை! முடிவில் அவன் நீள்வாள் வீட்டு உத்தரத்தில் சிக்க, செய்பேயின் குறுவாள் அவனைச் சாய்க்கிறது.

இங்கேதான் நாம் நின்று வாதிட விரும்புகிறோம். யாருக்கும் பகையல்லாத இரண்டு ஏழைகள், யாரோ ஒரு பிரபுவின் நாற்காலிச் சண்டைக்காக ஒருவரையொருவர் வெட்டுகிறார்கள். அவர்களுள் ஆணையை எதிர்த்து 'முடியாது' என்றவன் மாள்கிறான். முடியாது என்று சொல்ல முயன்று தோற்றவன் வாழ்கிறான். செய்பே நல்லவன். ஆனால் அவன் செய்தது சரியா?

சரியென்று சொல்ல நமக்கு நா எழவில்லை. பிள்ளைகளுக்காகச் செய்தேன் என்பது எத்தனை அநீதிக்குத் திரையாக நின்றிருக்கிறது! மேலதிகாரிக்குப் பணிந்து பொய்க் கையெழுத்திடுபவனும் அதைத்தான் சொல்கிறான். சாதிக் கட்டுக்கு அஞ்சி மகளின் காதலை முறிப்பவனும் அதைத்தான் சொல்கிறான். தவறென்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. மறுத்துவிட்டு மாண்டிருந்தால் தேசிங்குக்குக் கிடைத்த பாட்டு அவனுக்கும் கிடைத்திருக்கும். அந்த இரண்டு சிறுமிகளுக்கு என்ன கிடைத்திருக்கும்? 'முடியாது' என்று ஒருவன் சொன்னால் அவன் குழந்தைகள் பட்டினி கிடக்க நேரும் என்ற ஏற்பாட்டைச் செய்துவைத்தவர்கள் களத்துக்கு வருவதே இல்லை. அவர்களை விட்டுவிட்டுச் செய்பேயை மட்டும் நீதிக் கூண்டில் ஏற்றுவது நமக்கு நேர்மையாகத் தோன்றவில்லை.

போர்வீரன், உழவன், கைவினைஞன், வணிகன் என்று நான்கு தட்டு வைத்திருந்த நாடு அது. நமக்குப் பழக்கமான எண்தான்! 1868-இல் ஆட்சி மாறிற்று. 1876-இல் சாமுராய் வாள் தாங்கக் கூடாதென்று சட்டமே வந்தது. பரம்பரை ஊதியமும் ஒழிந்தது. பல நூற்றாண்டுப் 'பிறவி மானம்' ஓர் அரசாணையில் கழன்று விழுந்தது. செய்பே அதைக் காணவில்லை. தொமோயே என்பவள், கணவனின் கொடுமையிலிருந்து விடுபட்டு மணவிலக்குப் பெற்று வந்தவள், அவனை மணந்து மூன்று ஆண்டுகூட முழுமையாய் வாழ்ந்திருக்கமாட்டாள். உள்நாட்டுப் போரில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானான். தொமோயே உடன்கட்டை ஏறவில்லை. பெண்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு தோக்கியோவுக்குச் சென்று, உழைத்து வளர்த்தாள்.

இந்தக் கதை முழுவதையும் நமக்குச் சொல்பவள் செய்பேயின் இளைய மகள். முதுமை எய்தியபின், தந்தையின் கல்லறையைக் காண வருகிறாள். அப்பாவை நற்பேறற்றவர் என்று பிறர் சொல்லக் கேட்டிருக்கிறாள்; அவள் அதை ஏற்கவில்லை.

உடன்கட்டையை 1829-இல் வங்காளத்திலும் 1830-இல் சென்னை மாகாணத்திலும் சட்டம் தடுத்தது. தேசிங்கின் மனைவிக்கு அது ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிந்தி வந்த சட்டம். செஞ்சியில் செட்டிக்குளக் கரையில் ஒரு மேடையைக் காட்டி, இங்கேதான் தேசிங்கை எரித்தார்கள், இங்கேதான் அவளும் தீப்பாய்ந்தாள் என்று சொல்வார்கள். 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சிக் கோட்டை இடம்பெற்றபின், காண வருவோர் பெருகுவார்கள். அந்த மேடையருகிலும் நிற்பார்கள். அவள் முதுமை எய்தியிருந்தால் தேசிங்கைப் பற்றி என்ன சொல்லியிருப்பாள்?