சிவப்பு வரி வரும் நேரம்

காலையில் பேக்கப் அறிக்கையைத் திறக்கும்போது எல்லா வரியும் பச்சையாக இருந்தால் மனசு ஆறிவிடுகிறது. நடுவில் ஒன்று சிவப்பாகத் தெரிந்தால் வயிற்றைப் பிசைகிறது. சர்வர் பார்க்கும் வேலையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த உணர்வு இது. நிதானமாக யோசித்தால், அந்த நிம்மதியும் இந்த அச்சமும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றனவோ என்று தோன்றுகிறது.

சிவப்பு வரி எப்படி வருகிறது? ஒரு விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க் என்பது கோப்பாகக் கிடக்கும் ஒரு முழுக் கணினி. ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் அதை 4 எம்பி துண்டுகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஷா-256 கணக்குப் போட்டு, வரும் நீண்ட எண்ணையே அந்தத் துண்டுக்குப் பெயராக வைக்கிறது. மாதங்கள் கழித்து வெரிஃபை ஓடும்போது துண்டைத் திரும்பப் படித்து, மறுபடி கணக்குப் போட்டு, பெயரோடு ஒப்பிடுகிறது. ஒரே ஒரு பிட் புரண்டிருந்தாலும் எண் வேறாகிவிடும். ஒரே துண்டைப் பல நாள் பேக்கப்புகள் பகிர்ந்துகொள்வதால், அது கெட்டால் திங்கள், செவ்வாய், புதன் என்று வரிசையாகச் சிவக்கும். பார்க்கிறவருக்கு எல்லாமே போய்விட்டது போலிருக்கும். கெட்டிருப்பது 4 எம்பியாக இருக்கலாம்.

உடனே மென்பொருள்மேல் சந்தேகம் போகும். அதைவிட, அதே துண்டை மறுபடி டிஸ்கிலிருந்தே படித்துப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தால் ரேமையோ கேபிளையோ கன்ட்ரோலரையோ பார்க்க வேண்டும். எப்போதும் ஒரே தவறான எண் வந்தால், எழுதி வைத்ததே கெட்டிருக்கிறது. டிஸ்க் எந்தப் பிழையும் சொல்லவில்லையே என்று வாதாடுவதில் பயனில்லை. 2008இல் வெளியான ஓர் ஆய்வு, 15 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை 41 மாதங்கள் கவனித்தது. சரிபார்ப்பு எண்ணான செக்சம் பொருந்தாமல் போன நிகழ்வுகள் 4 லட்சத்துக்கும் மேல். கேட்டதைக் கொடுத்துவிட்டோம் என்றுதான் அந்த டிஸ்குகள் சொல்லியிருக்கும். கொடுத்தது வேறு.

இதுவரை சொன்னது பிடிபட்ட கேடு. பிடிபடாத கேடுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது.

பழுதான ரேம் ஒரு பிட்டை, கணக்குப் போடுவதற்கு முன்பே புரட்டிவிட்டால் என்ன ஆகும்? கெட்ட துண்டுக்கே கச்சிதமான ஷா-256 எண் கிடைக்கும். எத்தனை வருடம் கழித்து வெரிஃபை ஓடினாலும் அது தேறும். விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் விஎம்வேரில் 2014இல் இதைவிடப் பெரிதாக ஒன்று தெரியவந்தது. கடைசி பேக்கப்புக்குப் பிறகு டிஸ்கில் எந்தெந்தப் பகுதி மாறியது என்று குறித்து வைக்கும் வசதி அதில் உண்டு. பேக்கப் மென்பொருள் அந்தக் குறிப்பை நம்பி, மாறிய பகுதியை மட்டும் அள்ளிக்கொண்டு போகும். டிஸ்கின் அளவை 128 ஜிபியைத் தாண்டிப் பெரிதாக்கியவர்களுக்கு அந்தக் குறிப்பே பிழையாக வரலாம் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. மாறிய பகுதிகள் சில பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததை யாரும் எடுக்கவில்லை. எடுத்ததெல்லாம் பழுதில்லாமல் எழுதப்பட்டது, சரிபார்க்கப்பட்டது, பச்சையாக நின்றது. அந்த வசதியை நிறுத்தி, மறுபடி தொடங்கி, முழு பேக்கப் எடுப்பதுதான் அன்றைக்கு வழியாக இருந்தது. அதுவரை எடுத்தவற்றில் எது எழுந்து நிற்கும் என்று ரீஸ்டோர் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆக, பச்சை வரி ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: எழுதியது எழுதியபடி இருக்கிறதா? எழுதியது உண்மையா, முழுமையா, அதை வைத்து நாளைக்குக் கடையைத் திறக்க முடியுமா என்பதெல்லாம் அதனிடம் கேட்கப்படவே இல்லை. அதன்மேல் பழி போடவும் முடியாது. ஏட்டுச் சுரைக்காயைச் சமைத்துப் பார்க்கும் பொறுப்பு ஏட்டுக்கு இல்லையே.

2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் நடந்ததை, அந்த நிறுவனமே ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது. அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். களைப்போடு வேலை பார்த்த ஒரு பொறியாளர், இரண்டாவது சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் கோப்புகளை அழிக்கத் தொடங்கினார். சுதாரித்து நிறுத்தியபோது ஏறத்தாழ 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். சரி, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் கிடங்கு காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, அதைப் பிரதியெடுக்க ஓடிய கருவியோ 9.2. அதனால் பேக்கப் ஒவ்வொரு முறையும் பிழையோடு நின்றிருக்கிறது. நின்றதைச் சொல்லும் மின்னஞ்சலும் அனுப்பப்பட்டிருக்கிறது. டிமார்க் முறைப்படி கையொப்பம் இல்லை என்று அஞ்சல் சர்வர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது.

அழிந்த தரவைவிட, போய்ச் சேராத அந்த மின்னஞ்சல்தான் என் மனசை உறுத்துகிறது. சிவப்பு வரி வந்திருக்கிறது. பார்க்க வேண்டிய கண்ணுக்கு எட்டவில்லை. சத்தம் வராததால் எல்லாம் நலம் என்று நல்ல மூளைக்காரர்கள் அத்தனை பேரும் எடுத்துக்கொண்டார்கள். சுமார் 6 மணி நேரத்துக்கு முன்னால், சோதனைச் சூழலுக்குப் புதிய தரவு வேண்டும் என்று அதே பொறியாளர் கையால் எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அதைக்கொண்டு மீண்டெழ ஏறத்தாழ 18 மணி நேரம் பிடித்தது. ஸ்னாப்ஷாட்டுக்கும் அழிப்புக்கும் இடையில் உருவான சுமார் 5,000 புராஜெக்டுகளும், அதே அளவு கருத்துகளும், 700 பயனர் கணக்குகளும் பாதிக்கப்பட்டன.

அதே பிழைச் செய்தி ஜனவரி 30 அன்று யார் கண்ணிலாவது பட்டிருந்தால்? கருவியின் பதிப்பை மாற்றியிருப்பார்கள். ஒரு மணி நேர வேலை. மறுநாள் நள்ளிரவில் அதே செய்தி வேறொன்றாகிவிட்டது. எழுத்து ஒன்றுதான். மாறியது அது வந்த நேரம். மூலம் உயிரோடு இருக்கும்போது வரும் கெட்ட செய்தி, செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலை. மூலம் போன பிறகு வந்தால் அதை வைத்துச் செய்ய எதுவும் இல்லை.

ப்ராக்ஸ்மாக்ஸ் கெட்ட துண்டை என்ன செய்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அந்தத் துண்டின் பெயரில் 'பேட்' என்று வால் ஒட்டி ஒதுக்கி வைக்கிறது. அடுத்த பேக்கப்பில், மூல மெஷினில் அதே உள்ளடக்கம் இன்னும் இருந்தால், துண்டு புதிதாக எழுதப்படுகிறது. அதை நம்பியிருந்த பழைய பேக்கப்புகளும் சேர்ந்தே பிழைத்துக்கொள்கின்றன. சிவந்த திங்களும் செவ்வாயும் அடுத்த வெரிஃபையில் பச்சைக்குத் திரும்பிவிடும். இவ்வளவும் நடக்க மூல மெஷின் உயிரோடு இருக்க வேண்டும். அதனால்தான் வெரிஃபை தோற்ற காலையை நல்ல காலை என்கிறேன். பயத்தில் வேலையை நிறுத்திவிடுவதும், சிவப்பு பேக்கப்புகளை அவசரமாக அழித்துவிட்டுப் பட்டியலைச் சுத்தமாக்குவதும் கிடைத்த அவகாசத்தைக் கையால் தூக்கி எறிவதாகும்.

மீதமுள்ளது ரீஸ்டோர். மாதம் ஒரு மெஷினையாவது, நெட்வொர்க்கைத் துண்டித்த ஒரு மூலையில் எழுப்பிப் பார்க்க வேண்டும். லாகின் திரை வந்துவிட்டது என்று கை கழுவக் கூடாது. டேட்டாபேஸ் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவரை அழைத்து உட்கார வைத்து, பேக்கப் எடுத்த நாளின் கடைசி பில்லைத் தேடச் சொல்ல வேண்டும். தொகை சரியா என்று சொல்ல அவரால்தான் முடியும். இதை யாரோ ஒருவர் ஞாயிற்றுக்கிழமை நேரம் கிடைத்தால் செய்யட்டும் என்று விடாமல், வேலை நேரத்திலேயே இடம் ஒதுக்கிக் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை.